வண்டியில் இருக்கும் 'பி.ஒய்.' (PY) என்றால் என்ன? வேறு இடங்களிலும் அது வருகிறதே?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்ததும் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் டி.என். குறைந்து பி.ஒய். பெருகும். அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் வாகனப் பதிவுக் குறியீடு. அதே எழுத்துகள் இணைய முகவரியின் கடைசியில் வந்தால் பராகுவே நாடு. கணினிக் கோப்பின் பெயருக்குப் பின்னால் வந்தால் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மொத்தம் 676 ஜோடிதான் தேறும். ஒவ்வொரு துறையும் மற்றதைக் கேட்காமல் தன் பட்டியலைத் தானே போட்டுக்கொள்கிறது. ஊருக்கு ஊர் ஒரு முருகன் இருப்பதுபோலத்தான். எந்தத் தெரு என்று சொன்னால் ஆள் புரிந்துவிடும்.

பி.ஒய். வண்டி என்றாலே புதுச்சேரி நகரத்து வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்த எண்ணையும் பாருங்கள், 02 என்றால் காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். இந்த மூன்றும் அதே ஒன்றியப் பிரதேசத்தின் பகுதிகள்தான்.