சுருக்கிக் கட்டிய ரார், ஜிப் ஃபைலைக் காசில்லாமல் பிரிக்க: கேள்வி பதில்

தங்கச்சிமடம், பிரவுசிங் சென்டர்: அண்ணே, கஸ்டமர் கொண்டுவர்ற ரார் ஃபைல் விண்டோஸ் 10-ல திறக்கல. அதைப் பிரிக்கிற வின்ரார் சாஃப்ட்வேர், 40 நாள் இலவசம் முடிஞ்சு வாங்கச் சொல்லுது. கடைக்கு எது போடலாம்?

7-ஜிப் போடுங்க. இகோர் பாவ்லோவ் 1999-லிருந்து இலவசமாகத் தருவது. கடையில் எத்தனை கம்ப்யூட்டரில் போட்டாலும் காசு கிடையாது. ரார், ஜிப், டார், ஐஎஸ்ஓ எல்லாம் பிரிக்கும். ரார் உருவாக்க மட்டும் முடியாது. தானாக அப்டேட் ஆகாது, புதுப் பதிப்பை நீங்கதான் இறக்கணும். கூகுளில் மேலே விளம்பரமாக வரும் தளத்தில் இறக்காதீங்க. விண்டோஸ் 11-ல் 2023 கடைசி அப்டேட்டிலிருந்து ரார் சும்மாவே திறக்கும். பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதற்கும் 7-ஜிப்தான்.

கீழக்கரை, கல்லூரி மாணவி: பார்ட்1, பார்ட்2, பார்ட்3-ன்னு மூணு ரார் இருக்கு. ஒவ்வொன்றாகப் பிரித்தால் எரர் வருது.

ஒவ்வொன்றாகப் பிரிக்கவே கூடாதும்மா. மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, பார்ட்1-ஐ மட்டும் பிரி. மற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும். பெயரையும் பார்: இரண்டு தடவை இறக்கியிருந்தால் பிரவுசர் கடைசியில் (1) என்று சேர்த்திருக்கும். அதை அழித்தால்தான் அடுத்த துண்டைக் கண்டுபிடிக்கும்.

மண்டபம்: ‘அன்எக்ஸ்பெக்டட் எண்ட்’னு வருது. வேற சாஃப்ட்வேர் போடவா?

வேண்டாம். டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கு. தளத்தில் போட்டிருக்கும் அளவோடு உங்கள் ஃபைல் அளவை ஒப்பிட்டுப் பாருங்க. குறைந்தால் திரும்ப இறக்குங்க. அளவு சரியாக இருந்தும் ‘சிஆர்சி’ (ஃபைல் கெடாமல் இருக்கான்னு பார்க்கும் சோதனை) எரர் வந்தால் காப்பி ஆகும்போது கெட்டிருக்கு. பென் டிரைவைச் சந்தேகப்படுங்க.

ராமேஸ்வரம்: ஆதார் ஆஃப்லைன் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஜிப் பாஸ்வேர்டு கேட்குது. பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் போட்டேன், ஏற்கல.

அது இ-ஆதார் பிடிஎஃப்புக்கு. இந்த ஜிப்புக்கு, இறக்கும்போது நீங்களே கொடுத்த ஷேர் கோடுதான் பாஸ்வேர்டு. மறந்துபோச்சுன்னா மீட்க அலையாதீங்க, புதுக் கோடு கொடுத்து மறுபடி இறக்கிடலாம். உள்ளே உங்கள் விவரம் அடங்கிய எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது.

ஏர்வாடி: பெரிய வீடியோ, 64 ஜிபி பென் டிரைவில் இடம் இருந்தும் பிரியல.

பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும். 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைலை அது வாங்காது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணுங்க. இன்னொன்று, 7-ஜிப் ஜன்னலிலிருந்து மவுஸால் இழுத்துப் போடாதீங்க. அப்படி இழுத்தால் முதலில் சி டிரைவின் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் பிரித்துவிட்டுத்தான் நகர்த்தும். சி நிரம்பியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். ‘எக்ஸ்ட்ராக்ட்’ பட்டனை அழுத்தி, பென் டிரைவை இடமாகக் காட்டுங்க.