முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, சின்ன வயது ஆசையில் 1971ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது. ஹீட்டர் ஃபேனைப் போட்டால் இண்டிகேட்டர் மெதுவாகிவிடுகிறது. ஹெட்லைட் மங்கல். இரண்டு முறை ஃபியூஸ் போனது. வண்டியை முடித்துக் கொடுத்த புரோக்கர் வேறு ஃபியூஸ் ஒன்று தந்தார், அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது அவரே, 'ஐம்பது வருட வயரிங், மொத்தமாக மாற்றிவிடலாம், ஆல்டர்னேட்டரும் புதிதாகப் போட்டுவிடலாம்' என்று ஆள் காட்டுகிறார். மாற்றலாமா? எனக்கு எலக்ட்ரிக்கல் ஒன்றும் தெரியாது."

மாற்ற வேண்டாம். குறைந்தது இந்த மாதம் வேண்டாம். ஒரு சனிக்கிழமை, உப்புத்தாள் இரண்டு துண்டு, ஒரு மலிவான மல்டிமீட்டர், நாலு முழம் வயர், இவற்றைச் செலவழித்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

நீங்கள் சொன்ன முதல் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. காரில் கரண்ட் போவதற்குத்தான் வயர். திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வண்டியின் தகரம்தான். அதைத்தான் பட்டறையில் 'எர்த்' என்கிறோம். பின்விளக்கின் கறுப்பு வயர் டிக்கிக்குள் ஒரு போல்ட்டில் பாடியோடு கட்டப்பட்டிருக்கும். அந்த போல்ட் துருப்பிடித்தால் கரண்ட் வீடு திரும்ப வழியில்லாமல் போகும். அது சும்மா நிற்காது. பக்கத்து பல்பின் இழைக்குள் நுழைந்து, அந்த வயர் வழியாகவே மறுபக்க விளக்குக்குப் போய், அங்கே நன்றாக இருக்கும் எர்த்தில் இறங்கப் பார்க்கும். அதனால்தான் இண்டிகேட்டர் போட்டால் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. வயர் கெட்டிருந்தால் விளக்கு எரியாமல் போகும், இப்படிக் கூத்தாடாது.

சோதிப்பது சுலபம். நீள வயரின் ஒரு முனையைப் பின்விளக்கின் உலோகப் பாகத்தில் தொடுங்கள். மறுமுனையைப் பளபளப்பாகச் சுரண்டிய பாடி உலோகத்தில் வையுங்கள். கூத்து நின்றால் குற்றவாளி அகப்பட்டான். மீட்டர் வைத்துப் பார்ப்பதானால், விளக்குகளை எரியவிட்டு, சிவப்புக் குச்சியை விளக்கின் உலோகத்திலும் கறுப்புக் குச்சியை பாட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அங்கே துரு உட்கார்ந்திருக்கிறது. பாட்டரி எங்கே என்று பானட்டுக்குள் தேடாதீர்கள். உங்கள் வருடத்து வண்டியில் சீட்டுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்குக் கீழே, ஆறு வோல்ட் பாட்டரி இரண்டு தொடராகக் கட்டியிருக்கும். முன்பே யாராவது எடுத்துவிட்டு ஒரே பன்னிரண்டு வோல்ட் வைத்திருந்தாலும் சரிதான்.

போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் தகரத்தையும் வெள்ளி மாதிரி தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். அப்படியே வயர்களைக் கோக்கும் குண்டு முனைகளையும் பாருங்கள். ரப்பர் உறைக்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஒவ்வொன்றாக இழுத்து, துடைத்து, திரும்பச் செருகினாலே பாதி விளக்கு உயிர் பெறும். வேலை தொடங்குமுன் எர்த் முனையைப் பாட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள். கை மோதிரத்தையும் கழற்றுங்கள். ஸ்பேனரும் மோதிரமும் ஒன்றாகச் சிவந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று உண்டு. இன்ஜின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதற்கு எர்த். கிளட்ச் வேலை, கியர்பாக்ஸ் வேலை முடித்தவர்கள் அதைத் திரும்பப் போட மறப்பது வழக்கம். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம், பட்டை இல்லை அல்லது பிய்ந்திருக்கிறது. இழுக்க வேண்டிய கரண்ட் எல்லாம் அந்தக் கம்பி வழியாகப் போகிறது.

அடுத்து ஹீட்டர் ஃபேன். அதுவும், இண்டிகேட்டரும், பிரேக் லைட்டும், வைப்பரும் ஒரே ஃபியூஸில் இருந்து பச்சை வயர் வழியாகச் சாப்பிடுகின்றன. வெள்ளை வயரில் ஃபியூஸ் பெட்டிக்குள் நுழையும் வோல்ட், பச்சையில் வெளியே வரும்போது ஒன்றரை இரண்டு குறைந்திருந்தால் பெட்டியே தின்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ் பிடிக்கும் கிளிப்பும், பின்னால் ரிவெட் அடித்த இணைப்பும் களிம்பேறியிருக்கும். சுத்தம் செய்யுங்கள். மறுபடியும் வோல்ட் குறைந்தால் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். அது கைக்கடக்கமான சாமான். வண்டி முழுக்க ஓடும் வயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது அந்த ஃபியூஸுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் '35' என்று இருந்தால் அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பொதுவான கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது தொடர்ந்தே 35 தாங்கும். எண் ஒன்று, பொருள் இரண்டு. புரோக்கர் தந்தது இரண்டாவது வகை என்றால் 'அதற்குப் பிறகு போகவில்லை' என்பது நல்ல செய்தி அல்ல. ஃபியூஸுக்குப் பதிலாக இனி வயர்தான் எரியும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். '17 ஆம்ப் தொடர், 35 ஆம்ப் எரியும்' என்று இரண்டும் எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். கிடைக்கும்வரை 15 ஆம்ப் போட்டு ஓட்டுங்கள். அடிக்கடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். வாயை மூடி வைப்பது வைத்தியம் ஆகாது.

ஹெட்லைட் மங்கலுக்கு வேறு காரணம். இந்தக் காரில் இரண்டு விளக்கின் கரண்டும் டாஷ்போர்டு சுவிட்ச், டிப் சுவிட்ச் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகிறது. 55 வாட் பல்பு இரண்டு என்றால் ஒன்பது ஆம்ப் பக்கம். ஐம்பது வருடம் பொசுங்கிய சுவிட்ச் எவ்வளவு தாங்கும்? மேலும் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. இரண்டு ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), அதற்கு ஃபியூஸ், கொஞ்சம் கனமான வயர் போட்டால் வெளிச்சமும் வரும், சுவிட்ச்சும் பிழைக்கும். நான் புதிதாகச் சேர்க்கச் சொல்லும் ஒரே பொருள் இதுதான்.

பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டாம். இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி ஓட்டி பாட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருந்தால் நலமாக இருக்கிறது. நலமான பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதிதை வைப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. இன்று பழைய கார்களுக்கு வரும் மறுதயாரிப்புச் சாமான்களில் நிறையச் சொத்தை. டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர், கண்டென்சர், பிரேக் லைட் சுவிட்ச் இவை மூன்றும் புதிதாகப் போட்டுச் சில வாரத்தில் போனதை நானே பலமுறை மாற்றியிருக்கிறேன். பெட்டியில் பழைய ஆங்கிலப் பெயர் அச்சடித்திருக்கும், உள்ளே இருப்பது எங்கோ செய்தது. கழற்றிய பழையதை 'ஸ்கிராப்' என்று சொல்லி எடுத்துக்கொண்டு போவார்கள். பத்து நாளில் இன்னொருவர் காரில் 'ஒரிஜினல்' என்று விலை ஏறி உட்கார்ந்திருக்கும்.

புரோக்கர் ஏன் முழு வயரிங் என்கிறார்? கொள்ளைக்கு அது வசதியான வேலை. டாஷ்போர்டைக் கழற்றி நாலு நாள் வேலை என்று சொன்னால் யாரும் கணக்குக் கேட்க முடியாது. எது கெட்டிருந்தது என்று காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. புது வயரைக் கட்டிவிட்டு, அதே துருப்பிடித்த போல்ட்டில் திரும்ப எர்த் கொடுப்பார்கள். முதல் மழைக்கு அதே கூத்து. பட்டறைக்கு வந்த ஒரு காரில் கைநிறையப் பணம் செலவழித்துப் போட்ட புது வயரிங்கைப் பார்த்தேன். பெயிண்ட் மேலேயே எர்த் வளையத்தை வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டினேன், கார் சரியாகிவிட்டது. கூலி வாங்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

இந்தக் காரின் எலக்ட்ரிக்கல் சாமான்களைச் செய்த லூகாஸ் கம்பெனியைப் பற்றி, 'லூகாஸ் என்றால் இருளின் இளவரசன்' என்று புரோக்கர் ஜோக் சொல்லியிருப்பாரே? எல்லோரும் சொல்வதுதான். கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் லூகாஸ் 1902இலேயே இறந்துவிட்டார். உங்கள் கார் வகை வந்தது 1962இல். கெடுத்தது அந்த மனிதர் அல்ல, ஐம்பது வருட மழையும் அரைகுறை மெக்கானிக்குகளும். நான் சென்னையில் தொழில் படித்த காலத்தில் அம்பாசடரின் டைனமோவும் செல்ஃபும் சென்னையில் பாடி என்னும் பகுதியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையில் இருந்து வந்தவை. அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி, உங்கள் எம்ஜிபி 1798 சிசி, இரண்டும் ஒரே பி-சீரீஸ் குடும்பத்துப் பிள்ளைகள். மெரினா உப்புக் காற்றில் டாக்ஸி ஓட்டியவர்கள் மாதம் ஒருமுறை எர்த்தைத் தேய்ப்பார்கள். வண்டி வருடக்கணக்கில் ஓடும்.

ஒரு விஷயம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். 1967 கடைசிவரை வந்த எம்ஜிபிகள் 'பாசிடிவ் எர்த்'. பாட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு கட்டியிருக்கும். அதன் பிறகு வந்தவை, உங்களுடையது உட்பட, நெகடிவ் எர்த். நடுவில் எத்தனையோ பழைய கார்களை யாராவது மாற்றிக் கட்டியிருப்பார்கள். மாற்றியதற்கு ஒரு ஸ்டிக்கர்கூட இருக்காது. அதனால் லாக்புக்கில் (வண்டியின் பதிவுப் புத்தகத்தில்) இருக்கும் வருடத்தை நம்பாதீர்கள். கேபிளின் நிறத்தை நம்பாதீர்கள், நெகடிவ் கேபிளில் சிவப்பு டேப் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். பாடியோடு பட்டை கட்டியிருக்கும் முனையில் பிளஸ் இருக்கிறதா மைனஸ் இருக்கிறதா என்று பாட்டரியிலேயே பொறித்திருப்பதைப் படியுங்கள். பாசிடிவ் எர்த் வண்டியில் ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினால் அதன் டையோடுகள் அடுத்த நொடியே போய்விடும். போன் சார்ஜரும் ரேடியோவும் அப்படித்தான். தொட்டு விலகும் பாயின்ட் உள்ள, காரின் பழைய பெட்ரோல் பம்ப் எந்தப் பக்கம் கொடுத்தாலும் 'டிக் டிக்' என்று ஓடும், எலக்ட்ரானிக் பம்ப் ஓடாது. இன்னொரு காரில் இருந்து ஜம்ப் கொடுத்தால் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸ்ஸுக்கு மைனஸ், ஆனால் இரண்டு காரின் பாடியும் எங்கும் உரசக் கூடாது. பம்பர் பம்பரைத் தொட்டால் அதுவே ஷார்ட். கண்காட்சியில் பக்கத்தில் நிற்கும் 1965 மாடல்காரர் 'கொஞ்சம் ஜம்ப் கொடுங்கள்' என்று வருவார். அன்றைக்கு இது உங்களுக்குத் தேவைப்படும். அதனால்தான் இவ்வளவு நீட்டினேன்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2018 மே முதல், நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு பிரிட்டனில் எம்ஓடி என்னும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சலுகை என்கிறார்கள். பிரேக் லைட் எரிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்த ஒரே கண்ணையும் மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் காரை விற்றவரும் 'எம்ஓடி தேவையில்லை' என்று பெருமையாகச் சொல்லியிருப்பார். தேவையில்லை என்பதும் தேர்ச்சி பெற்றது என்பதும் ஒன்றா? கட்டணம் கட்டி நீங்களாகவே ஒருமுறை சோதனைக்கு விடலாம், தடையில்லை. வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியது. இப்போதாவது செய்யுங்கள்.

எப்போது வயரிங் மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். தடித்த பழுப்பு வயரின் உறை உருகி ஒட்டியிருந்தாலோ, வளைத்தால் பொடியாக உதிர்ந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலும் அதுவும் ஒரு பகுதிதான். அந்தப் புரோக்கரிடம், 'உருகிய வயரைக் காட்டுங்கள், விரல் வைத்துப் பார்க்கிறேன்' என்று சொல்லுங்கள். காட்டினால் எனக்குப் படம் அனுப்புங்கள். காட்டாவிட்டால் அவர் நம்பரை அழித்துவிடுங்கள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மூன்று எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள்: பின்விளக்கு எர்த்தில் வந்த வோல்ட், பச்சை வயரில் வந்த வோல்ட், இன்ஜின் ஓடும்போது பாட்டரியில் வந்த வோல்ட். கழற்றிய எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள்.