ஓடும் வண்டியில் காற்றை அளப்பது: வாசகர் கேள்விகள்

கேள்வி: வண்டியின் கூரையில் காற்றுமானி பொருத்தியிருக்கிறேன். இலை அசையாத நாளிலும் 80, 90 என்று காட்டுகிறது. கருவி கோளாறா?

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கிறது, அவ்வளவுதான். வண்டி வடக்கு நோக்கி 90 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டர் போகிறது. மேற்கிலிருந்து நொடிக்கு 10 மீட்டர் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். கருவி நொடிக்கு 27 மீட்டர் காட்டும். திசை, வண்டி மூக்கிலிருந்து 22 டிகிரி இடப்புறம். பார்த்தால் எதிர்க்காற்று போலிருக்கும். உண்மையில் அடிப்பது முழுக்கப் பக்கக் காற்று. அதைக் கண்டுபிடிக்க, அதே நொடியில் ஜிபிஎஸ் சொல்லும் வேகத்தையும் திசையையும் வெக்டராக, அதாவது அளவோடு திசையையும் சேர்த்து, கழிக்க வேண்டும். வெறும் எண்ணை எண்ணால் கழித்தால் 2 மீட்டர்தான் வரும். அதை நம்பிப் பாலத்தில் ஏறிவிடாதீர்கள்.

கழித்த பிறகு முதல் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. வண்டியின் உடலைத் தள்ளுவது கருவி காட்டும் அந்தச் சார்புக் காற்றுதான், அதாவது ஓடும் வண்டி மேல் படும் காற்று. கழித்து வரும் உண்மைக் காற்று மற்றவர்களுக்குச் சொல்லத் தேவை.

கேள்வி: எங்கே பொருத்துவது? நண்பர் கண்ணாடிக்கு நேர் மேலே வைக்கச் சொல்கிறார்.

பதில்: அது மோசமான இடம். முன்கண்ணாடியில் மோதிய காற்று மேலேறி, கூரை விளிம்பில் வேகமெடுத்து ஓடும். கருவி அங்கே இருந்தால் கூடுதலாகக் காட்டும். 10 சதவீதம் கூடுதல்தானே என்று விட முடியாது. 25 மீட்டர் ஓட்டத்தில் அது 2.5 மீட்டர், கழித்துப் பார்த்தால் காற்றே இல்லாத இடத்தில் மணிக்கு 9 கி.மீ. எதிர்க்காற்று முளைத்துவிடும். 1994இல் அமெரிக்காவில் சுழற்காற்றுகளைத் துரத்திப் போன ஆய்வுக் கார்களில், கருவிகளைக் கூரையை ஒட்டி வைக்கவில்லை. கம்பம் நட்டு உயர்த்தித்தான் வைத்தார்கள். உங்களாலும் முடிந்தவரை முன்னுக்கும் மேலுக்கும் தள்ளி வையுங்கள். சாலையின் உயர வரம்பை மறக்க வேண்டாம்.

கருவி நேராக நிற்கிறதா என்பது அதைவிட முக்கியம். 3 டிகிரி திரும்பியிருந்தால் அதே வேகத்தில் நொடிக்கு 1.3 மீட்டர் பொய்ப் பக்கக் காற்று கிடைக்கும். 3 டிகிரியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதற்குச் செலவில்லாத சோதனை இருக்கிறது. காற்று அடங்கிய நேரத்தில், நேரான, திறந்த சாலையில் ஒரே வேகத்தில் போய் உடனே திரும்பி வாருங்கள். உண்மைக் காற்று மேற்கிலிருந்து வருகிறதென்றால் இரண்டு ஓட்டத்திலும் மேற்கு என்றே கணக்கு வர வேண்டும். போகும்போதும் வலப்புறம், வரும்போதும் வலப்புறம் என்று காட்டினால், அது வண்டியோடு சேர்ந்து திரும்பும் பிழை. கருவியின் முனை கோணியிருக்கிறது. இரண்டு முறையும் எதிர்க்காற்று வந்தால், கூரையின் வேகக் கூடுதல். இந்தச் சோதனை செய்யாமல் யாராவது அட்டவணை அனுப்பினால் நான் படிப்பதே இல்லை.

இன்னொன்று: வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் பதிவானதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டி நின்றுவிட்டால் ஜிபிஎஸ் காட்டும் திசைக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: கிண்ணக் காற்றுமானியா, அல்ட்ராசோனிக்கா?

பதில்: வண்டிக்கு அல்ட்ராசோனிக். கிண்ணம் திசை சொல்லாது. திடீர் வீச்சு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அல்ட்ராசோனிக்கில் அசையும் பாகம் கிடையாது. ஒலி இரு முனைகளுக்கு இடையே போக எடுக்கும் நேரத்தையும் திரும்ப எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டு வேகத்தைச் சொல்லும். வெப்பநிலையால் ஒலிவேகம் மாறினாலும் அந்தக் கணக்கில் அது அடிபட்டுப் போகும். காற்றழுத்தத்தை வைத்து வேகம் சொல்லும், விமானத்திலுள்ள பிட்டோ குழாய் நேராக வரும் காற்றுக்கு அருமையானது. சாய்ந்து வரும் காற்றுக்குப் பல துளைகள் கொண்ட வகை வேண்டும், மழையில் துளை அடைபடும்.

கேள்வி: செல்போனில் வானிலை பார்த்துக்கொள்கிறேனே, போதாதா?

பதில்: கிளம்பலாமா என்று முடிவெடுக்கப் போதும். அந்த எண் பொதுவாகத் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வீசும் சராசரிக் காற்று. மலையை வெட்டிப் போட்ட சாலையிலிருந்து வெளியே வந்ததும் காற்று திடீரென விடும் அறை அந்தச் சராசரிக்குள் இருக்காது.

கேள்வி: சரக்கோடு போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. காலி கன்டெய்னர் மட்டும் ஏன் ஆடுகிறது?

பதில்: காற்றின் தள்ளுவிசை, உள்ளே சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 13.6 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரமுள்ள பெட்டியின் பக்கம் ஏறக்குறைய 37 சதுர மீட்டர். நிற்கும் வண்டியில் நொடிக்கு 20 மீட்டர் காற்று நேர்ப்பக்கமாக அடித்தால், சுமார் 900 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். காற்று இரு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. எதிர்த்து நிற்பது எடை மட்டுமே. காலி வண்டியில் அதுதான் இல்லை.

வேகத்தைக் குறைத்தால் பலன் உண்டா என்று இதே வாசகர் கேட்கிறார். உண்டு. இதே காற்றில் 90இலிருந்து 45க்கு இறங்கினால் சார்புக் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ பாதியாகும். ஆனால் காற்று விழும் கோணம் அகலமாவதால் பக்கத் தள்ளல் அந்த அளவுக்குக் குறையாது. பெரிய லாபம் வேறு: ஸ்டீயரிங்கைத் திருத்த நேரம் கிடைக்கும்.

கேள்வி: புது வேனில் பக்கக் காற்று உதவி இருக்கிறது. அது காற்றை அளக்கிறதா?

பதில்: இல்லை. பெரும்பாலும் வண்டி திசை மாறும் வேகத்தையும் பக்கவாட்டு முடுக்கத்தையும் பார்த்து, நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வண்டி விலகினால் அது காற்று என்று ஊகிக்கிறது. உடனே காற்று வரும் பக்கத்துச் சக்கரங்களுக்கு லேசாக பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். அதாவது, தள்ளிய பிறகுதான் அதற்குத் தெரியும்.

கேள்வி: ரயிலுக்கு இந்தத் தொல்லை உண்டா?

பதில்: உண்டு. 1986 டிசம்பர் 28 அன்று ஜப்பானின் அமருபே பாலத்திலிருந்து பயணிகள் இல்லாத ரயில் ஒன்றைக் காற்று கீழே தள்ளியது. கீழே இருந்த நண்டுத் தொழிற்சாலையின் ஊழியர்கள் ஐந்து பேரும் ரயில் நடத்துநரும் இறந்தார்கள். பாலத்தில் காற்றுமானி இல்லாமல் இல்லை. எச்சரிக்கை ஒலித்தது, ரயிலை நிறுத்தவில்லை. அதன் பிறகு நிறுத்தும் வரம்பை நொடிக்கு 25 மீட்டரிலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். இங்கே கோட்டைவிட்டது அளவீடு அல்ல, அதற்குப் பிறகு எடுத்த முடிவு.

கேள்வி: கூரைக் கருவி எனக்கு முன்கூட்டியே எச்சரிக்குமா?

பதில்: எச்சரிக்காது. வீச்சு கருவியைத் தொடும் நொடியில் வண்டியையும் தொட்டுவிடும். கருவி விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. லேசர் ஒளியால் முன்னால் உள்ள காற்றை அளக்கும் லிடார் உண்டு. ஆனால் அதன் ஒரு கதிர், ஒளி போகும் கோட்டில் வரும் காற்றை மட்டுமே சொல்லும். நேர் முன்னே நீட்டினால் பக்கக் காற்று அதற்குத் தெரியாது. கூரைக் கருவியால் பலன் பெறுவது பின்னால் வரும் வண்டிதான். எந்தக் கிலோமீட்டரில், எந்தத் திசைக் காற்றில் வீச்சு விழுகிறது என்ற பதிவு இடத்தோடும் நேரத்தோடும் அடுத்த ஓட்டுநருக்குப் போனால், அவர் அந்த இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ஒரே வழியில் பத்து வண்டிகள் ஓட்டும் நிறுவனமென்றால் பத்துக் கருவி தேவையில்லை. முதலில் கிளம்பும் வண்டியில் ஒன்றைப் பொருத்துங்கள்.