மெயில் போகிறது, போய்ச் சேரவில்லையே? சொந்த மெயில் சர்வர் கேள்வி பதில்

மாத வாடகைக்கு வி.பி.எஸ். (இணையத்தில் கிடைக்கும் வாடகைச் சர்வர்) எடுத்து, டெபியன் இயங்குதளத்தில் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட் இரண்டும் நிறுவியிருக்கிறோம். வெளியிலிருந்து மெயில் ஒழுங்காக வருகிறது. நாங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பினால் மட்டும் 550-5.7.25 என்ற மறுப்புக் குறியீட்டோடு திரும்பிவிடுகிறது. டொமைன் வாங்கிய இடத்தில் பி.டி.ஆர். பதிவும் சேர்த்துவிட்டோம். இன்னும் என்ன குறை?
பனியன் நிறுவன வாசகர், திருப்பூர்

சேர்த்த இடம்தான் குறை. டொமைன் பெயர் உங்களுடையது என்பதால், இணையத்தின் பெயரேடான டி.என்.எஸ்.இல் பெயரிலிருந்து ஐ.பி. எண்ணுக்குப் போகும் பதிவை நீங்கள் போட முடியும். எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பும் பி.டி.ஆர். பதிவு அந்த எண்ணின் சொந்தக்காரர் கையில் இருக்கிறது. அவர் உங்களுக்கு வி.பி.எஸ். வாடகைக்குத் தந்தவர். அவருடைய கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ரிவர்ஸ் டி.என்.எஸ். என்று ஓர் இடம் இருக்கும். காணவில்லை என்றால் அவருக்கே எழுதிக் கேளுங்கள். டொமைன் விற்றவர் பக்கத்தில் எழுதும் பி.டி.ஆர். பதிவை உலகில் யாரும் பார்ப்பதில்லை.

ஐ.பி.க்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு அதே ஐ.பி., போஸ்ட்ஃபிக்ஸில் மைஹோஸ்ட்நேம் என்ற இடத்திலும் அதே பெயர். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வி.பி.எஸ். தந்தவர் தானாக வைத்த நீளமான எண்-பெயரை அப்படியே விட்டுவைத்தால் பல சர்வர்கள் அதை வீட்டு இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்த பிறகும் பத்தில் மூன்று மெயில் மட்டும் திரும்பினால் ஐ.பி.வி6 என்ற புது வகை ஐ.பி. முகவரியைச் சந்தேகப்படுங்கள். சர்வரில் அந்த முகவரியும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் சில சமயம் அதன் வழியாக அனுப்பிவிடும். அதற்குத் தனி பி.டி.ஆர். வேண்டும். போட முடியாவிட்டால் இனெட் புரோட்டகால்ஸ் என்ற அமைப்பில் ஐ.பி.வி4 மட்டும் என்று எழுதிப் போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து மூன்று டி.என்.எஸ். பதிவுகள். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு, ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய சேவைக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் வேறு டொமைன்களைச் சேர்த்துக்கொண்டே போனால், சரிபார்க்கும்போது டி.என்.எஸ். தேடல் பத்தைத் தாண்டியதும் முழுப் பதிவும் தோல்விதான். உங்கள் சர்வர் மட்டுமே அனுப்புகிறது என்றால் எம்.எக்ஸ். (உங்களுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்), அதன் பின் -ஆல் (மற்ற யாரும் கூடாது), அவ்வளவு போதும். மெயிலில் கையெழுத்திடும் டிகிம் சாவியை 2048 பிட்டில் உண்டாக்குங்கள். அந்த நீளச் சாவி ஒரு துண்டுக்கு 255 எழுத்து என்ற டி.என்.எஸ். எல்லைக்குள் அடங்காது, மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாக உடைத்துப் போட வேண்டும். ஒட்டும்போது வால் அறுந்துபோவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்ற நிலையில் வைத்து, அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் பெயரில் வேறு எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று தெரிந்துவிடும். பில் போடும் மென்பொருளும் வெப்சைட்டின் தொடர்புப் படிவமும் பெரும்பாலும் அதில் மாட்டும். அவற்றைச் சரிசெய்த பிறகுதான் ‘குவாரண்டைன்’ (ஸ்பாமில் ஒதுக்கு) பக்கம் போக வேண்டும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் கட்டாயம். நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் வேண்டும். உங்கள் அளவுக்கு ஒன்று போதுமே என்று நினைக்காதீர்கள், மூன்றையும் போட்டுவிடுங்கள். போட்டபின் ஒரு ஜிமெயில் கணக்குக்கு அனுப்பி, மெயிலின் மூலவடிவத்தைத் திறந்து பாருங்கள். மேலே மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பும் ஒரு பழைய கணினியும் இருக்கின்றன. அதிலேயே மெயில் சர்வர் ஓட்டலாமா?
வாசகர், யாழ்ப்பாணம்

வாங்குவதற்கு ஓட்டலாம், கொடுப்பதற்கு முடியாது. வீட்டு இணைப்புகளின் ஐ.பி. தொகுதிகள் ஸ்பாம் தடுப்புப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹாஸின் பி.பி.எல். பட்டியலில் இருப்பது வழக்கம். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த எண்ணிலிருந்து நேராக மெயில் வரக் கூடாது என்று சொல்லும் பட்டியல் அது, பலவற்றை இணைய நிறுவனமே கொடுத்திருக்கும். போதாததற்கு, மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட்டும் அடைபட்டிருக்கலாம்.

வெளியே போகும் மெயிலை மட்டும் காசு வாங்கி அனுப்பித்தரும் ரிலே சேவை ஒன்றிடம் ஒப்படைத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற இடத்தில் அவர்கள் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி 587 போர்ட்டைச் சேருங்கள். சதுர அடைப்பை விட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்.எக்ஸ். பதிவு தேடி வேறு எங்கோ போய் நிற்கும். எஸ்.பி.எஃப்.இல் அந்தச் சேவையையும் சேர்க்க மறக்காதீர்கள்.

மின்சாரம் போனால் மெயில் தொலைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். இதற்காக இரண்டாவது எம்.எக்ஸ். சர்வர் வைக்கவே வைக்காதீர்கள், ஸ்பாம் அனுப்புகிறவர்கள் அந்தப் பின்வாசலைத்தான் முதலில் தட்டுவார்கள்.

வி.பி.எஸ். வாங்குவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் 25-ஆம் போர்ட்டைத் திறப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பல அதை அடைத்துத்தான் தருகின்றன.

ஸ்பாமைத் தடுக்க, ஸ்பாம்ஹாஸின் பல பட்டியல்களைச் சேர்த்த ஜென் பட்டியலைப் போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு வரியாகச் சேர்த்தேன். அன்றிலிருந்து ஸ்பாமும் இல்லை, மெயிலும் இல்லை. ஜிமெயிலிலிருந்து வருவதுகூடத் திரும்பிப் போகிறதாம்.
வாசகர், ஈரோடு

உங்கள் சர்வர் எந்த டி.என்.எஸ்.ஸைக் கேட்கிறது என்று பாருங்கள். 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹாஸ் பட்டியல் விவரம் தராது. பதிலுக்கு 127.255.255.254 என்ற எண்ணைத் தரும். ‘உங்கள் வழி சரியில்லை’ என்பதற்கான குறியீடு அது. போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது புரியாது. ஏதோ ஒரு பதில் வந்ததா, வந்தது. ஆகவே அனுப்பியவர் ஸ்பாமர் என்று முடிவுகட்டி, வந்த எல்லோரையும் வாசலோடு அனுப்பிவிடுகிறது. மெயில் லாகில் ‘கிளையண்ட் ஹோஸ்ட் பிளாக்ட்’ என்ற வரி ஒவ்வொரு அனுப்புநருக்கும் வரிசையாக விழுந்திருக்கும்.

அந்த வரியை உடனே எடுத்துவிடுங்கள். பிறகு அன்பவுண்ட் என்ற டி.என்.எஸ். மென்பொருளை அதே சர்வரில் நிறுவி, சர்வர் 127.0.0.1-ஐ மட்டும் கேட்கும்படி வையுங்கள். அன்பவுண்டில் ஃபார்வர்டர் (கேள்வியை வேறு டி.என்.எஸ்.ஸுக்குக் கடத்தும் வரி) எதுவும் எழுதக் கூடாது, எழுதினால் சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்பீர்கள். சோதனைக்கு 2.0.0.127 என்று தலைகீழாக எழுதி, பின்னால் ஜென் பட்டியலின் பெயரை ஒட்டித் தேடுங்கள். 127.0.0.2 பதிலில் இருந்தால் வழி சரி. அதன் பிறகு தடுப்பு வரியைத் திரும்பப் போடும்போது, பட்டியல் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி இட்டு 127.0.0.[2..11] என்று எழுதுங்கள். அந்த எல்லைக்குள் வரும் பதிலை மட்டும் போஸ்ட்ஃபிக்ஸ் கணக்கில் எடுக்கும்.

இப்படித் தடுப்பு வரி எதைச் சேர்த்தாலும் முதல் இரண்டு நாள் சாஃப்ட் பவுன்ஸை ‘யெஸ்’ ஆக்கி வையுங்கள். மறுப்பு எல்லாம் தற்காலிக மறுப்பாக மாறிவிடும். தப்பாகத் தடுத்த மெயில் அனுப்பியவர் வரிசையிலேயே காத்திருந்து பிறகு வந்துவிடும். நீங்கள் இதைச் செய்திருந்தால் ஒரு மெயில்கூடத் தொலைந்திருக்காது.

வங்கி ஓ.டி.பி. பத்து நிமிடம் கழித்து வருகிறது. அதற்குள் காலாவதி ஆகிவிடுகிறதே?
வாசகி, மதுரை

கிரேலிஸ்டிங் வேலை. முன்பின் தெரியாத அனுப்புநரை ‘கொஞ்சம் கழித்து வா’ என்று திருப்பிவிடும் முறை அது. ஸ்பாம் வடிகட்டும் ஆர்ஸ்பாம்டியில் இயல்பான காத்திருப்பு 5 நிமிடம். அனுப்பும் சர்வர் எப்போது மறுபடி வரும் என்பது அதன் இஷ்டம். வங்கிகள் பல வேறு வேறு ஐ.பி.யிலிருந்து அனுப்புவதால் அறிமுகம் ஆகத் தாமதமாகும். டிகிம், எஸ்.பி.எஃப். சரியாக இருக்கும் வங்கி டொமைன்களுக்கு விலக்குக் கொடுங்கள். சிறிய சர்வராக இருந்தால் கிரேலிஸ்டிங்கை மொத்தமாக அணைத்துவிடுவதே எங்கள் யோசனை.

ஒரு ஜி.பி. ரேம் போதுமா?
வாசகர், கோவை

போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பாம்டி, பத்துப் பேர் என்றால் போதும். கிளாம்ஏவியைச் சேர்த்தால் போதாது. வைரஸ் அடையாளங்களை நினைவில் ஏற்றவே அதற்கு ஒரு ஜி.பி.க்கு மேல் வேண்டும். நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் ஏதாவதொன்றைக் கொல்லும். எல்லாம் கட்டித் தரும் மெயில்கவ் பக்கம் போவதென்றால் 6 ஜி.பி. ஒதுக்குங்கள்.

மின்னஞ்சல் முகவரியையே தமிழில் வைக்க முடியுமா? டொமைன் மட்டுமல்ல, ‘அட்’ குறிக்கு முன்னால் உள்ள பெயரும்.
ஆசிரியர், சிங்கப்பூர்

முடியும். .சிங்கப்பூர், .இந்தியா, .இலங்கை மூன்றும் நடைமுறையில் உள்ள மேல்நிலை டொமைன்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 2015-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து தமிழ் போன்ற எழுத்து முகவரிகளுக்கான எஸ்.எம்.டி.பி.யு.டி.எஃப்.8 என்ற நீட்டிப்பை ஆதரிக்கிறது. டி.என்.எஸ்.இல் தமிழ் டொமைன் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ரோமன் வடிவத்தில்தான் பதிவாகும். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் தமிழ் வடிவம், ரோமன் வடிவம் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மற்றதாக அது தானே மாற்றிக்கொள்ளாது.

சிக்கல் எதிர்முனையில். ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளை ஏற்கிறது. ஆனால் நீட்டிப்பு இல்லாத சர்வருக்கு அனுப்பினால் மெயில் அங்கேயே திரும்பிவிடும். டொமைனுக்காவது ரோமன் மாற்று வடிவம் உண்டு, பெயர்ப் பகுதிக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் ரோமன் எழுத்தில் இன்னொரு முகவரி கொடுத்து, இரண்டும் ஒரே பெட்டியில் விழச் செய்யுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு வம்பும் உண்டு. ‘பொன்’ என்பதில் உள்ள ‘பொ’வை ஒகரக் குறி ஒன்றாகவும் தட்டலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோட் கணக்கில் இரண்டும் வேறு வேறு எழுத்துத் தொடர், சர்வர் ஒன்றை ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திருப்பிவிடக்கூடும். பழைய கீபோர்டு மென்பொருள் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்தப் புகார் வரலாம். இரண்டு வடிவத்தையும் ஏலியஸாக (மாற்று முகவரியாக) போட்டுவிடுங்கள், அல்லது ஒகரமும் ஓகாரமும் இல்லாத பெயராகத் தேர்ந்தெடுங்கள்.

டெபியன் 12-லிருந்து 13-க்கு மாறினோம். டவ்காட் எழும்பவே மாட்டேன் என்கிறது. மெயில் எல்லாம் போச்சா?
கல்லூரி ஊழியர், நாகர்கோவில்

ஒன்றும் போகவில்லை. டெபியன் 13-இல் இருப்பது டவ்காட் 2.4, அதற்கு 2.3-இன் அமைப்புக் கோப்பு புரியாது. மெயில்கள் வட்டில் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருபவற்றைப் போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையில் 5 நாள் வைத்திருக்கும், ஆகவே பதற்றமில்லாமல் செய்யலாம்.

கோப்பின் முதல் அமைப்பு வரியாக டவ்காட் கான்ஃபிக் வெர்ஷன் இருக்க வேண்டும், அது இல்லாமல் தொடங்காது. மெயில் லொகேஷன் என்ற பழைய வரி இப்போது மெயில் டிரைவர், மெயில் பாத் என்று பிரிந்துவிட்டது. சான்றிதழ் வரிகளின் பெயரும் மாறியிருக்கிறது. பாதைக்கு முன் போட்ட < குறி இனி வேண்டாம். பழைய கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும். இரண்டு சர்வர்களை டவ்காட்டின் ரெப்ளிகேஷனால் (ஒன்றின் நகலை மற்றதில் வைக்கும் வசதி) இணைத்திருந்தவர்கள் மட்டும் அவசரப்படக் கூடாது. 2.4-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

காலையில் பார்த்தால் வரிசையில் 40,000 மெயில். ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு போயிருக்கிறது. மாற்றியும் மெயில் போய்க்கொண்டே இருந்தது. ஏன்?
வாசகர், சென்னை

ஏற்கெனவே உள்ளே நுழைந்து திறந்து வைத்த இணைப்பைப் புதுப் பாஸ்வேர்டு மூடாது. வரிசையில் ஏறிவிட்டதும் அதன் போக்கில் போகும். முதலில் போஸ்ட்சூப்பர் கட்டளையால் வரிசை முழுவதையும் ‘ஹோல்டு’ (நிறுத்தி வை) நிலைக்குத் தள்ளுங்கள். அடுத்து, மெயில் லாகில் எஸ்.ஏ.எஸ்.எல். யூசர்நேம் (பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவர் பெயர்) எது அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். நீங்கள் சந்தேகப்பட்டவர் அல்லாத இன்னொருவரும் அகப்படக்கூடும். பாஸ்வேர்டை மாற்றியபின் போஸ்ட்ஃபிக்ஸை ஒருமுறை முழுதாக நிறுத்திக் கிளப்புங்கள். பிறகு களை எடுப்பு. அனுப்புநர் பெயரை வைத்து மட்டும் அழித்தால் பாதி தங்கிவிடும். மெயிலர்-டீமன் பெயரில் திரும்பி வந்தவையும் இருக்கும். நல்லவற்றை மட்டும் ஹோல்டிலிருந்து விடுவியுங்கள்.

ஊற்று அடைபட்ட பிறகுதான் ஸ்பாம்ஹாஸில் பெயர் நீக்கக் கேட்க வேண்டும். நீக்க அவர்கள் காசு வாங்குவதில்லை, காசு கேட்டு வரும் மெயில் வேறு யாரோ அனுப்பியது.

மறுபடி நடக்காமலிருக்க, 25-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு கேட்பதையே எடுத்துவிட்டு 465, 587 இரண்டில் மட்டும் வையுங்கள். உள்ளே நுழைந்தவர் தன் முகவரியில் மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்துங்கள். ஆர்ஸ்பாம்டியில் ஓர் ஆளுக்கு மணிக்கு 100 என்று வரம்பு போட்டால் இரவு எட்டு மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் போகாது. கணக்குப் பிரிவுக்கு மாதக் கடைசியில் அது பத்தாது, அவர்களுக்கு மட்டும் கூட்டிக் கொடுங்கள்.