கைராசியும் செங்கல்லும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில், எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவர் ஜெர்ரி ரைஸ் படைத்த சாதனைகளை இன்றுவரை எவரும் நெருங்கவில்லையே, அது வேகத்தாலா, கைராசியாலா?

பதில்: வேகத்தால் இல்லை, அவரைவிட விரைவாக ஓடிய ரிசீவர்கள் அவர் காலத்திலேயே பலர் இருந்தார்கள். 'கைராசி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் சிந்திய வியர்வையைக் கிரகங்களின் கணக்கில் வரவு வைக்கிற சொல் அது. இந்தப் பக்கத்தில் முன்பும் அதை எதிர்த்திருக்கிறேன், இனியும் எதிர்ப்பேன்.

ரைஸ் வளர்ந்தது மிசிசிப்பி மாநிலத்தின் கிராஃபோர்ட் என்ற சிற்றூரில். அப்பா கொத்தனார். கோடை வெயிலில் சாரத்தின் மேல் நின்று, கீழிருந்து உடன்பிறந்தவர்கள் வீசிய செங்கற்களைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. அந்தக் கைகளும் தவறவிட்டன என்பதை மறந்துவிடாதீர்கள்: 1985இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் சேர்ந்த முதல் பருவத்தில், கைக்கு வந்த பந்துகளை அவர் நழுவவிட்டபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ராசிக்கை என்றால் அந்த மாதங்களில் ராசி எங்கே போயிருந்தது?

அவர் போனது சான் கார்லோஸ் அருகேயுள்ள ஒரு குன்றுக்கு. ஆட்டமில்லாத மாதங்களில், இரண்டரை மைல் நீளமுள்ள அந்த ஏற்றப் பாதையில் அவர் ஓடிய ஓட்டம் சக வீரர்களையே மலைக்க வைத்தது. 1987இல் 12 ஆட்டங்களில் 22 டச் டவுன்களை, அதாவது எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் பந்துகளை, பிடித்தார். 1989 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் எனும் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில், பந்தைப் பிடித்து 215 கெஜம் முன்னேறி ஆட்ட நாயகனானார். இருபது பருவங்களில் 1,549 பந்துகளைப் பிடித்து அவர் சேர்த்த 22,895 கெஜத்துக்கும், இரண்டாம் இடத்திலுள்ள லாரி ஃபிட்ஸ்ஜெரால்டின் கணக்குக்கும் இடையே 5,000 கெஜத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

ராசி என்று ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டுமென்றால், ஒரு சிறிய கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் தொலைக்காட்சியில் தற்செயலாகப் பார்த்ததையும், பந்தை எறிய ஜோ மான்டனாவும் அவருக்குப் பின் ஸ்டீவ் யங்கும் வாய்த்ததையும் சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் 1997இல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார்கள் கிழிந்தவர் அதே டிசம்பரில் களமிறங்கியதையும், அன்றே முழங்கால் சில்லு உடைந்த பிறகும் அடுத்த பருவத்தில் திரும்பி வந்ததையும் எந்த ராசியில் சேர்ப்பீர்கள்? நாற்பது வயது நிறைந்த 2002 பருவத்தில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணிக்காக 1,211 கெஜம் எடுத்தார். அப்போது அவரைத் தடுக்க எதிரே நின்றவர்களில் பலர், அவர் முதல் ஆட்டம் ஆடியபோது தொடக்கப்பள்ளிச் சிறுவர்கள்.