பிரான்சில் ஒரு சொத்து எந்த நேரத்தில் வாங்கியவருக்குச் சொந்தமாகிறது? பணம் கொடுக்கும்போதா, பத்திரம் பதியும்போதா?

சட்டப்படி பார்த்தால் இரண்டுக்கும் முன்பே. எனக்கு இது ஒரு பழைய மர அலமாரியால் தெரியவந்தது.

பாரிஸ் புறநகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் அதை விற்பதாகச் சொன்னார். 200 யூரோ என்று பேசி முடித்தோம். சனிக்கிழமை பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ராத்திரி நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து அலமாரி ஊறி உப்பிவிட்டது. மனிதர் வந்து பணம் கேட்கிறார்! காசும் கொடுக்கவில்லை, பொருளும் வரவில்லை, இதென்ன அநியாயம் என்று சண்டைக்கே போய்விட்டேன்.

சொத்துப் பத்திரங்களை எழுதி உறுதிசெய்யும் சட்ட அலுவலரான நொத்தேரின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்தான் சட்டத்தைக் காட்டினார். 1804-இல் வந்த சிவில் சட்டத் தொகுப்பின் 1583-ஆவது பிரிவு சொல்வது இது: பொருளும் விலையும் ஒத்துக்கொண்டாலே வாங்கியவர் உரிமையாளர், பொருள் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை, பணம் தந்திருக்கவும் வேண்டியதில்லை. உரிமை மாறினால் நட்டமும் கூடவே மாறும் என்கிறது 1196. ஆக, நனைந்தது என் அலமாரி! கடையில் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேன். பொருள் கைக்கு வரும்வரை அது வியாபாரியின் பொறுப்பு. கடைசியில் 100 யூரோவுக்குச் சமாதானமானோம்.

வீட்டுக்கும் அடிப்படை இதேதான். நம் ஊரில் விற்பனை ஒப்பந்தம் போட்டால் மட்டும் வீட்டின்மேல் உரிமை வராது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அப்படி. இங்கே 'கொம்ப்ரோமி' என்னும் முதற்கட்ட விற்பனை ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டால் அதுவே விற்பனைக்குச் சமம். ஆனால் நொத்தேர் முன் இறுதிக் கையெழுத்து விழும் நாளில்தான் உரிமை மாறும் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். இடையில் ஏறக்குறைய 3 மாதம் ஓடும்: வாங்குபவர் மனம் மாற 10 நாள், வங்கிக் கடன், அப்புறம் நகராட்சி தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையைப் பயன்படுத்துமா என்று தெரிய 2 மாதம்.

கையெழுத்துக்குப் பிறகு நொத்தேரே பத்திரத்தை நிலப்பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். உரிமை வருவது பதிவால் அல்ல; மூன்றாம் ஆளிடம் அதைச் செல்லுபடியாக்கத்தான் பதிவு. ஒரே வீட்டை இருவருக்கு விற்றிருந்தால், நல்லெண்ணத்தோடு முதலில் பதிந்தவருக்கே வீடு.

நாங்கள் வீடு வாங்கியபோது கொம்ப்ரோமியில் நான் முதலில் தேடிப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். வீட்டுக் காப்பீட்டையும் அதே தேதியிலிருந்து எடுத்தேன்.