தாத்தாவோட வெப்லி ரிவால்வர், மறுபடி .455 ஆகுமா?

கேள்வி: தாத்தா விட்டுட்டுப்போன வெப்லி மார்க் 6 ரிவால்வர் இப்ப லைசென்ஸோட என் பேர்ல இருக்கு சார். அதோட ஒரிஜினல் தோட்டாவான .455 போட்டா முன்னும் பின்னும் லொடலொடன்னு ஆடுது, ஆனா .45 ஏசிபிங்கிற தானியங்கி பிஸ்டல் தோட்டாவை கிளிப்ல மாட்டி வச்சா கச்சிதமா உக்காருது. யாரோ மாத்திட்டாங்க போல. திரும்ப ஒரிஜினலா ஆக்க முடியுமா? அதுவரைக்கும் ஏசிபி போட்டு சுடலாமா?

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடுறேன். சுடாதீங்க. கச்சிதமா உக்காருதுங்கிறதுக்காக அது பத்திரமான தோட்டான்னு ஆகிடாது. .455 தோட்டா சிலிண்டருக்குள்ள, அதாவது தோட்டா உக்காருற சுத்துற உருளைக்குள்ள, உண்டாக்குற அழுத்தம் சுமார் 13,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுன்னு கணக்கு), .45 ஏசிபிக்கு அனுமதிச்ச உச்ச அழுத்தம் 21,000. உங்க ரிவால்வர் நடுவுல மடிச்சு திறக்கிற டைப், மேல இருக்கிற அந்த கொண்டியும் கீழ இருக்கிற கீலும்தான் அடியைத் தாங்கணும். நூறு வருஷ பழைய இரும்புல இந்த விளையாட்டு வேணாம். ஏற்கனவே பல ரவுண்டு சுட்டிருந்தீங்கன்னா, ஒண்ணும் ஆகலையேன்னு தைரியமா இருக்காதீங்க, சிலிண்டர்ல விரிசல் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

இது உங்க தாத்தா செஞ்ச வேலையாவே இருக்கணும்னு இல்ல. மார்க் 6 வந்தது 1915ல, பிரிட்டிஷ் படைக்காக. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் உபரியா வித்ததுல நிறைய அமெரிக்காவுக்கு போச்சு, அங்க .455 கிடைக்கிறது கஷ்டம், .45 ஏசிபியோ எங்க பாத்தாலும் இருந்துச்சு. அதனால சிலிண்டரோட பின்பக்கத்தை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் செதுக்கிட்டு, 1917 மாடல் அமெரிக்க ரிவால்வர்களுக்கு வந்த அரைவட்ட கிளிப்புல ஏசிபியை மாட்டி போட்டு வித்தாங்க. இப்ப .455 தோட்டா ஆடுறதும் இதனாலதான், விளிம்புக்குப் பின்னால தாங்க ஒண்ணும் இல்ல.

சரி, திருப்ப முடியுமான்னா முடியும், ஆனா செதுக்குனதை ஒட்டவைக்க முடியாது. பின்னாடி வெல்டிங் வச்சு நிரப்பிடலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, அந்த சூட்டுல இரும்போட பதம் போயிடும், சிலிண்டர் கோணிக்கும். என் அபிப்பிராயத்துல சரியான வழி ஒண்ணுதான், செதுக்காத மார்க் 6 சிலிண்டர் ஒண்ணைத் தேடி வாங்கி லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி பழுது பாக்குறவர்) பொருத்தச் சொல்றது. சில நாடுகள்ல சிலிண்டருக்கே தனி அனுமதி வேணும், அதை முதல்லயே விசாரிச்சுக்கோங்க, அப்புறம் கேலிபர் (எந்த அளவு தோட்டாங்கிறது) மாறுறதை லைசென்ஸ்லயும் பதிய வேண்டி வரலாம்.

மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு இல்ல. வேற துப்பாக்கியில இருந்த சிலிண்டர் அது. ஒவ்வொரு தோட்டா அறையும் பேரலுக்கு நேரா வந்து நிக்குதா, பின்னாடி இருக்கிற ஹேமரை இழுக்கும்போது சிலிண்டர் சுத்தி சரியா லாக் ஆகுதா, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு, பின்னாடி ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவோட பின்பக்கத்துக்கும் பிரேமுக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவுன்னு ஆறு அறையையும் தனித்தனியா அளக்கணும், கொஞ்சம் தள்ளி நின்னாலும் குண்டு பேரல் வாய்ல இடிச்சு ஈயத்தை பக்கவாட்டுல தெறிக்கவிடும், பக்கத்துல நிக்கிறவங்க கண்ணுக்கே ஆபத்து. ஒரு அறை மட்டும் சரியில்லன்னாலும் அந்த சிலிண்டர் வேணாம்னு சொல்லிடுங்க.

செதுக்குன சிலிண்டரை மட்டும் தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க. மார்க் 6 சிலிண்டர்ல பொதுவா சீரியல் நம்பர் அடிச்சிருப்பாங்க, பிரேம்ல உள்ள நம்பரோட அது ஒத்துப்போச்சுன்னா துப்பாக்கியோட ஒரிஜினல் சிலிண்டர்தான், எண்ணெய் தடவி துணியில சுத்தி ரிவால்வரோடவே வைங்க. புது சிலிண்டர்ல அந்த நம்பரை அடிக்கச் சொல்லி கேக்கவே கூடாது, பின்னாடி பாக்குறவங்களை ஏமாத்துற வேலை அது, நிறைய இடத்துல சட்டப்படி குற்றமும்கூட. பழைய நீலப்பூச்சு மங்கியிருக்கேன்னு மறுபடி பாலிஷ் போடவும் வேணாம், முத்திரை எல்லாம் தேஞ்சிடும்.

தோட்டாவுக்கு பயப்பட வேணாம், ஃபியோக்கி கம்பெனி .455 போட்டுருக்கு. .455லயே மார்க் 2ங்கிற வகை தோட்டாவோட 265 கிரெயின் (சுமார் 17 கிராம்) ஈயக்குண்டு மெதுவா போறதுதான், அந்த பேரலுக்கு அது போதும். பொருத்தி முடிச்சதும் கன்ஸ்மித்தே முதல் ரவுண்டுகளை சுட்டுப் பாத்து காலி கேஸை உங்களுக்குக் காட்டட்டும், கேஸ் வீங்காம, அதோட அடியில இருக்கிற பிரைமர் (ஊசி அடிச்சு பத்த வைக்கிற மூடி) நடுவுல குழி விழுந்து வந்திருந்தா அதுக்கப்புறம் நீங்க எடுத்துக்கோங்க.